நாலு மணி காபி

என் பெரியக்காவை முதியோர் இல்லத்தில் சேர்த்து வருகிற தை மாதத்தோடு மூன்று வருடம் முடிகிறது. அக்காவை ஹோமில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டான் என்று சொந்தத்தில் சிலர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும். அப்படிப் பேசுகிறவர்களில் ஒருவர்கூட இந்த மூன்று வருடத்தில் அங்கே போய் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்ததில்லை.

அக்காவுக்கு இப்போது 83. அத்தான் ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். பிற்பாடு ஏ.எஃப்.டி. என்று பெயர் மாறினாலும் எங்கள் வயதுக்காரர்களுக்கு அது ரோடியர் மில்தான். காலை ஷிப்ட் என்றால் அக்கா நாலு மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, காபி போட்டு, அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் வாசல் தெளிப்பாள். அத்தான் ஓய்வு பெற்றார், காலமானார், மில்லையும் மூடிவிட்டார்கள். அக்கா மட்டும் நாலு மணிக்கு எழுந்திருப்பதை நிறுத்தவில்லை.

ஒரே மகன், சிங்கப்பூரில் இருக்கிறான். அக்கா தனியாக இருந்த வீட்டில் இரண்டு தடவை விழுந்தாள். இரண்டாவது தடவை ராத்திரி விழுந்தவளைக் காலையில் பால்காரர்தான் பார்த்துச் சொன்னார். நாங்கள் இருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடி. என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் அறுவை செய்தாகிவிட்டது. எல்லாரும் உட்கார்ந்து பேசி, மகனும் சம்மதித்து, ஊருக்கு வெளியே ஓர் இல்லத்தில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். நல்ல இடம்தான். மாதம் பன்னிரண்டாயிரம். சுத்தமாக இருக்கும், மருந்து நேரத்துக்குக் கொடுப்பார்கள், யாரும் அதட்ட மாட்டார்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு முன் அனுபவம் இருப்பதாக ஒரு நினைப்பு. காரணம் என் மச்சான்.

மனைவியின் மூத்த அண்ணன் அவர். பழைய புதுச்சேரிக்காரர்கள் சொல்கிற மாதிரி 'சொல்தா'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, அல்ஜீரியாவெல்லாம் பார்த்துவிட்டு, அங்கேயே தங்கிவிட்டவர். கடைசிக் காலத்தில் பாரிசுக்கு வடக்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். 2014-இல் நானும் மனைவியும் போய்ப் பார்த்தோம். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். உத்தியோகத்திலும் பழைய பிரெஞ்சுப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் படித்துத் தமிழில் எழுதுவதுதான் பாதி வேலையாக இருந்தது. காகிதம் என்றால் விடமாட்டேன். மச்சானின் மேஜை இழுப்பறையில் இருந்த காகிதங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன்.

பிரான்சில் 2002 ஜனவரி 2-ஆம் தேதிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி இல்லத்தில் சேருகிறவர் கையில் ஒரு வரவேற்புக் கையேடு தரவேண்டும். அவருடைய உரிமைகளை அச்சடித்துக் கொடுக்க வேண்டும். 'கோந்த்ரா த செழூர்' என்று தங்குவதற்கான ஓர் ஒப்பந்தம் போட வேண்டும். இல்லத்தில் இருப்பவர்களும் குடும்பத்தாரும் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு மன்றம் இருக்க வேண்டும். மச்சான் அறையில் அவருடைய சொந்த சாய்வு நாற்காலி இருந்தது. சுவரில் பட்டாளத்துப் படமும் அவர் அம்மாவின் படமும். வேலை செய்கிற பெண்கள் யாரும் கதவைத் தட்டாமல் உள்ளே வரவில்லை. நான் அசந்துபோனேன். நம்மூரில் இதெல்லாம் எந்தக் காலத்தில் வரும் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கிளம்புகிற அன்று மச்சான் மெதுவாகச் சொன்னார். "எல்லாம் நல்லாத்தான் வெச்சிருக்காங்க மாப்ளே. ஒரு நாளாவது எவனாவது கதவத் தட்டாம உள்ள பூந்து, என்னய்யா சாப்ட்டியான்னு கேட்டா நல்லாருக்கும்."

அப்போது அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு வருடத்தில் அவருக்கு மறதி முற்றியது. அறுபது வருடம் பேசிய பிரெஞ்சு முதலில் போயிற்று. தமிழ் மட்டும் நின்றது. அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு நாள் ராத்திரி அங்கிருந்து நர்ஸ் ஒருத்தி எங்களுக்குப் போன் போட்டாள். இவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், என்னவென்று புரியவில்லை, கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். போனை அவர் காதில் வைத்தார்கள். "வெந்நீர், வெந்நீர்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் சொன்னேன். கொடுத்தார்கள். ஒரு டம்ளர் வெந்நீர் புதுச்சேரிக்கு வந்து போக வேண்டியிருந்தது. அதன் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

இவ்வளவு பார்த்தும் அக்கா விஷயத்தில் நான் செய்தது என்னவென்றால், ஒரு பட்டியல் போட்டேன். முப்பத்தெட்டு வருடம் கிளார்க்காக இருந்தவன் வேறென்ன செய்வான்! வீட்டிலிருந்து எடுத்துப்போக வேண்டியவை: அத்தான் படம், முருகன் படம், சுவர்க் கடிகாரம், அக்காவின் தலையணை, பழைய டிரங்குப் பெட்டி, சின்ன மர ஸ்டூல். கட்டிலையும் எடுத்துப் போகலாம் என்றிருந்தேன். இல்லத்துக் கட்டில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அது சரிதான் என்று பிறகு புரிந்தது. வீட்டுக் கட்டில் உயரம். அக்கா உட்கார்ந்தால் கால் தரையில் படாது. இரண்டாவது தடவை விழுந்ததே அதிலிருந்து இறங்கும்போதுதான். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ராத்திரியெல்லாம் எரிகிற மாதிரி ஒரு சின்ன விளக்கு நானே வாங்கிப் பொருத்தினேன். என் வயதுக்காரர்கள் இந்த விளக்கை அவரவர் வீட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள். அறுபது ரூபாய்கூட ஆகாது.

படங்களை மாட்டி, கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டு, ஸ்டூலைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, "பாரு, நம்ம வீடு மாதிரியே இருக்குதுல்ல" என்றேன்.

"ம்" என்றாள் அக்கா.

ஒரு மாதம் கழித்துத்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதலாவது, புடவை. சலவையில் மாறிவிடக் கூடாது என்பதற்காக எல்லாருடைய துணியிலும் அழியாத மையில் நம்பர் போடுகிறார்கள். அக்காவுக்கு 17. அவளுடைய அறுபதாம் கல்யாணப் புடவையின் முந்தானை ஓரத்தில் 17 என்று எழுதியிருந்தது. "நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?" என்று என்னிடம் கேட்டாள். வாழ்நாள் முழுக்கக் கோப்புகளுக்கு நம்பர் போட்ட எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. என் மனைவி அன்றைக்கே ஊசி நூல் எடுத்துப்போய், நம்பர் இருந்த இடத்தில் சின்னதாக ஒரு பூ தைத்தாள். மற்றப் புடவைகளிலும் பூ. இனிமேல் பூ போட்டதெல்லாம் 17 என்று சலவைக்காரரிடம் சொல்லிவைத்தோம். இன்றுவரை ஒரு துணி மாறவில்லை.

இரண்டாவது, காலண்டர். தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது எங்கள் வீட்டில் அக்காவின் வேலை. கல்யாணமாகிப் போகும்வரை அப்பாகூட அதில் கை வைக்க மாட்டார். இல்லத்தில் காலண்டர் ஆபீஸ் அறையில் தொங்கியது. அவளுக்கென்று ஒன்று வாங்கி மாட்டினேன். கிழித்த தாளைத் தூக்கிப்போடாமல் மடித்து டிரங்குப் பெட்டியில் வைக்கிறாள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதாம், கணக்கு எழுத ஆகுமாம். எழுதுவதற்குத்தான் கணக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவதை அவள் சொல்லவே இல்லை. நானாகத் தெரிந்துகொண்டேன்.

ஒரு சாயங்காலம் போயிருந்தேன். "வாடா, உக்காரு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். அவள் எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள், அறையைச் சுற்றிப் பார்த்தாள், திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தவனுக்கு ஒரு வாய் காபி கொடுக்க எழுந்தவள் அவள். எழுந்த பிறகுதான் அடுப்பு இல்லை என்பது ஞாபகம் வந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையணைக்கு அடியில் கைவிட்டு, ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். நாலு மணி டீயோடு கொடுத்த இரண்டு பிஸ்கட்டில் ஒன்று. நான் வருவேன் என்று எடுத்துவைத்திருக்கிறாள்.

பஸ்ஸில் வரும்போது எங்கள் பள்ளிக்கூடத்து முசியே ஞாபகம் வந்தார். அவர் ஒரு நாள் கரும்பலகையில் 'மேசோன்' என்று எழுதி, இது சுவரும் கூரையும் என்றார். பக்கத்தில் 'ஷே முவா' என்று எழுதி, இது என் வீட்டில், என்னிடத்தில் என்று அர்த்தம், கட்டடத்தைச் சொல்லாது, யாருடையது என்பதைச் சொல்லும் என்றார். மூன்றாவதாக 'ஃபுவாயே' என்று எழுதினார். முதல் அர்த்தம் தீ எரிகிற இடம், அடுப்படி. அதுவே குடும்பம், குடித்தனம் என்றும் ஆயிற்று. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து தமிழில், "எங்க சித்தப்பா போன மாசம் அடுப்பு பிரிஞ்சி போனாரு, அது மாதிரியா முசியே?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. வகுப்பில் தமிழ் பேசினால் தண்டனை உண்டு. ஆனால் அன்றைக்கு முசியே அவனைத் தண்டிக்கவில்லை. "அதேதான்" என்று தமிழிலேயே சொன்னார்.

அக்காவின் நிலைமையும் அதுதான். படம், கடிகாரம், ஸ்டூல் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். அடுப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இன்னொன்றும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நாலு மணிக்கு எழுந்துவிடுகிறாள். அறையில் இன்னொரு அம்மாள் தூங்குவதால் விளக்குப் போடக் கூடாது. காபி வருவது ஆறரைக்கு. இரண்டரை மணி நேரம் இருட்டில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். ஆறு மாதமாக!

மனு எழுதினேன். அறையில் ஒரு சின்ன மின்சார அடுப்பு வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று பொருள், பார்வை எல்லாம் போட்டு முறையாக எழுதினேன். மறுத்துவிட்டார்கள். தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்ற அவர்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வேறு வழி இருக்கிறதா என்று நம் சட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். பெற்றோர், மூத்த குடிமக்கள் நலனுக்கென்று 2007-இல் வந்த சட்டம். ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, அதில் குறைந்தது 150 பேருக்கு இடம் என்கிறது. அந்த இல்லங்களில் மருத்துவத்துக்கும் பொழுதுபோக்குக்கும் என்னென்ன வசதி, எந்தத் தரத்தில் என்று அரசு வகுக்கலாம் என்றும் சொல்கிறது. தனியார் இல்லத்துக் காபிக்கு அதில் என்ன கிடைக்கும், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் கிளார்க் புத்தி, சொற்களைத் தேடிப் பார்த்தேன். பொழுதுபோக்கு இருக்கிறது. வேலை என்ற பேச்சு இல்லை. அக்காவின் இல்லத்திலும் ஹாலில் பெரிய டிவி இருக்கிறது. நாள் முழுக்க சீரியல் ஓடும். அக்கா அந்தப் பக்கமே போவதில்லை.

வழி சொன்னது சமையல்காரம்மா. பாகூர்ப் பக்கத்துக்காரி. நாலு மணிக்கு இட்லி அடுப்பைப் பற்றவைக்கிறவள். சமையலறை ஜன்னல் வழியாக அக்கா வராந்தாவில் நடமாடுவதைப் பல நாள் பார்த்திருக்கிறாள். ஒரு நாள், "ஆயா, சும்மாதான குந்தினு இருக்க, உள்ள வந்து இந்தக் கீரைய ஆஞ்சி குடு" என்று கூப்பிட்டிருக்கிறாள். அன்று முதல் அக்கா விடியற்காலையில் சமையலறையில். முருங்கைக் கீரை உருவுவது, பூண்டு உரிப்பது. முதல் காபியைத் தன் கையால் கலந்து, சமையல்காரம்மாவுக்கு ஒன்று, ராத்திரி வாட்ச்மேனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. விதிப்படி அங்கே இருப்பவர்கள் சமையலறைக்குள் போகக் கூடாது. மேற்பார்வை பார்க்கிற அம்மாள் கண்டும் காணாமல் இருந்தார். அக்கா முகம் தெளிந்தது. வீட்டிலிருந்து பித்தளை ஃபில்டரை எடுத்துவரச் சொன்னாள். அது என் பட்டியலில் இல்லாத பொருள்.

நாலரை மாதம் இப்படிப் போயிற்று. அப்புறம் ஒரு நாள் சமையலறையில் தண்ணீர் சிந்தியிருந்த இடத்தில் வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

மகன் சிங்கப்பூரிலிருந்து என்னைக் கூப்பிட்டான். "மாமா, மாசாமாசம் பணம் கட்றது அம்மாவ அங்க சமையல் வேலைக்கி அனுப்பவா?" என்றான். அவன் கோபம் நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு தூரத்தில் இருக்கிறவனுக்கு அம்மா பத்திரமாக இருக்கிறாள் என்ற நினைப்பு ஒன்றுதான் நிம்மதி. இல்லத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: தங்கியிருப்போர் சமையலறைக்குள் வர அனுமதி இல்லை. சமையல்காரம்மாவுக்கு வேலை போகிற நிலைமை. நான் போய்க் கெஞ்சிக் கேட்டதில் அது மட்டும் நின்றது.

கட்டு பிரித்த பிறகும் அக்கா எழுந்து நடமாடவில்லை. சாப்பாடு பாதி தட்டிலேயே கிடந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். காலண்டரில் பதினோரு நாள் கிழிக்காமல் கிடந்தது. நான் கிழிக்கப் போனேன். "வுடு, கெடக்கட்டும்" என்றாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மேற்பார்வை அம்மாளிடம் போய்ப் பேசினேன். நல்ல மனுஷி. அவருக்கும் மேலே நிர்வாகம் இருக்கிறது. "சார், எழுதிக் குடுங்க, நான் பேசிப் பாக்கறேன்" என்றார். சேர்க்கும்போது கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். பெயர், வயது, நோய்கள், பொறுப்பாளர் பெயர், பொறுப்பாளர் கையொப்பம். மகன் போட்ட கையெழுத்து இருந்தது. அக்கா கையெழுத்துப் போட அதில் இடமே இல்லை. மச்சான் இழுப்பறையில் இருந்த ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் நடுங்குகிற கையால் அவரே போட்ட கையெழுத்து. எத்தனையோ ஆயிரம் படிவங்களைச் சரிபார்த்தவன் நான். இந்தப் படிவத்தில் இருந்த குறை சேர்க்கிற அன்று என் கண்ணில் படவில்லை.

ஒரு வெள்ளைத் தாளில் உறுதிமொழி எழுதினேன். காலை நாலிலிருந்து ஆறரை வரை சமையலறை வாசலில் இருப்பது என் விருப்பம், அடுப்பைத் தொட மாட்டேன், விழுந்தால் இல்லத்தின் மேல் குற்றம் சொல்ல மாட்டோம். கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, 'குடியிருப்பவர் கையொப்பம்' என்று எழுதினேன். அக்காவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன்.

"விழுந்தா?" என்றாள்.

"விழுந்தா வலிக்கும். இந்தத் தடவை இடுப்பு போனா எந்திரிக்க முடியாது."

"தெரியும்டா" என்று பேனாவை வாங்கினாள். எழுத்து எழுத்தாகப் பெயர் எழுத அவளுக்கு நாலைந்து நிமிடம் ஆயிற்று. சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன்.

மகனுக்கும் நகல் அனுப்பினேன். அதிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. பணம் நேராக இல்லத்துக்குப் போகிறது. அம்மாவோடு ஞாயிற்றுக்கிழமை பேசுகிறான். அவள் மறுபடி விழுந்தால் பழி என் மேல்தான் வரும். அது தெரிந்துதான் செய்தேன். சில ராத்திரிகளில் தூக்கம் வருவதில்லை. போன் மணி அடித்தால் முதலில் மணிக்கட்டு ஞாபகம்தான் வருகிறது.

நிர்வாகம் முழுதாகச் சம்மதிக்கவில்லை, முழுதாக மறுக்கவும் இல்லை. அரசாங்கத்திலும் இப்படித்தான் பல கோப்புகள் நகரும். சமையலறை வாசலில் ரப்பர் விரிப்புப் போட்டு, கை வைத்த நாற்காலி ஒன்றும் சின்ன மேஜையும் போட்டார்கள். வெந்நீரை ஃபில்டரில் ஊற்றுவது சமையல்காரம்மா. டிகாக்‌ஷன் இறங்கிய பிறகு கலப்பது அக்கா. காலண்டர் இப்போது அந்த மேஜைக்கு மேலே தொங்குகிறது. மேற்பார்வை அம்மாளும் சீக்கிரம் வருகிற நாளில் அங்கே ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்கிறாராம்.

பிரான்சில் 2024-இல் வந்த சட்டம் ஒன்றைப் பற்றி மச்சான் மகன் போனில் சொன்னான். பராமரிக்கிற சக்தி இருந்தால் இல்லத்துக்கு வளர்ப்பு நாயையோ பூனையையோ கூட்டிப்போகலாமாம். அக்காவிடம் சொன்னேன். "நாய்க்கு சோறு வெக்கறது யாரு? அந்தம்மாவேதான?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப நல்ல சட்டம்தான்" என்றாள்.

போன வியாழக்கிழமை முதல் பஸ் பிடித்து ஐந்தரைக்கே போய்விட்டேன். தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துவிட்டாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் டம்ளரும் டபராவும் மேஜைக்கு வந்துவிட்டன. ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை மூன்று ஸ்பூனாவது இருக்கும். எனக்குச் சர்க்கரை வியாதி வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அது அவளுக்கு மறந்துபோயிருக்கிறது.

"எப்பிடிடா இருக்கு?"

"நல்லாருக்குக்கா" என்று முழுவதையும் குடித்தேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.